நெடுஞ்சொல்லைப் பகுத்தறிதல்



ஆங்கில அறிவியல் நூல்களைப் பயில்வோர் அஞ்சி நிற்கும் சொற்களுள் 'எலெக்ட்ரோஎன்செஃபலோகிராம்' என்பதும் ஒன்று. மருத்துவமனைகளில் இ.இ.ஜி. எனச் சுருக்கி வழங்குவது இதனையே. இத்தகைய நெடுஞ்சொற்களை எழுத்தெழுத்தாக மனப்பாடம் செய்வோர் விரைவில் மறப்பர், பகுத்தறிந்தோர் மறவார்.

முதலிற் பொருள் நோக்கிப் பகுப்போம். இச்சொல்லின் உறுப்புக்கள் யாவும் கிரேக்க மொழியினின்று பிறந்தவை. 'எலெக்ட்ரோ' மின்சாரத்தையும், 'என்' உள் என்பதையும், 'செஃபலோ' தலையையும், 'கிராம்' எழுதப்பட்டதையும் குறிக்கும். தலையினுள் இருப்பது மூளை. ஆகவே, மூளையின் மின்னலைகளைப் பதித்த வரைவு என்பது இதன் பொருளாகும். ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனித மூளையினின்று அத்தகைய வரைவைப் பெற்று, 1929-இல் அதனை வெளியிட்டார்.

ஈற்றுறுப்பு மாறினால் பொருளும் மாறும். 'கிராம்' என்பது வரைவு. 'கிராஃப்' என்பது கருவி. 'கிராஃபி' என்பது பதிவு செய்யும் முறை. இடையில் 'கார்டியோ' வருமாயின், அஃது இதயத்தைப் பற்றியது. இ.இ.ஜி.க்கும் இ.சி.ஜி.க்கும் ஓரெழுத்தே வேறுபாடு; ஆனால் ஒன்று மூளைக்குரியது, மற்றொன்று இதயத்திற்குரியது. உறுப்புக்களை அறிந்தவர் இவ்விடத்து மயங்கார்.

இனி ஒலி நோக்கிப் பகுப்போம். எ-லெக்-ட்ரோ-என்-செஃப்-அ-லோ-கிராம் என எட்டு அசைகள் கிடைக்கின்றன. பொருளால் ஒன்றாகிய 'செஃபலோ' ஒலியால் மூன்றாயிற்று. செய்யுளை அலகிடும்போது ஒரு சொல் பொருள் நோக்காது பிளவுபடுவதை வகையுளி என்று நாம் கற்றதில்லையா? அதுபோன்றே, பொருட்பகுப்பு வேறு, ஒலிப்பகுப்பு வேறு எனக் கொள்க.

எஞ்சியது அழுத்தம். தமிழில் அசைகளை ஏறத்தாழ ஒத்த விசையுடன் ஒலிக்கிறோம். ஆங்கிலத்திலோ ஓர் அசையே தலைமை பெறும். இச்சொல்லில் அது 'செஃப்' என்பதாகும். இத்தலைமையும் ஈற்றுக்கேற்ப இடம் பெயரும். யாவரும் அறிந்த 'ஃபோட்டோகிராஃப்' என்னும் சொல்லில் அழுத்தம் முதலசையில் விழும். 'ஃபோட்டோகிராஃபி' என்பதில் இரண்டாம் அசைக்கும், 'ஃபோட்டோகிராஃபிக்' என்பதில் மூன்றாம் அசைக்கும் செல்லும். 'கிராஃபி' என முடியும் சொற்களில் கடையிலிருந்து மூன்றாம் அசையையும், 'கிராஃபிக்' என முடிபவற்றில் ஈற்றயல் அசையையும் அழுத்துக. அழுத்தம் தவறினால், எழுத்துக்கள் யாவும் சரியாக ஒலித்தும் கேட்போர்க்குச் சொல் விளங்காது போகக்கூடும்.

புதிய நெடுஞ்சொல் எதிர்ப்படுங்கால், பொருளுறுப்பைப் பிரியுங்கள்; அசைகளை எண்ணுங்கள்; அழுத்தத்தை அகராதியிற் காணுங்கள்; பின்னர் வாய்விட்டு மும்முறை சொல்லுங்கள். அச்சொல் உங்களுடையதாகிவிடும்.