வன்தட்டில் விளையும் காசு

சென்ற மாரிகாலத்தில் ஒருநாள் மாலை, சுன்னாகத்திலுள்ள நமது இல்லத்துக்கு அயலவர் ஒருவர் மனைவியோடும் மகனோடும் வந்திருந்தார். செம்மண் தோட்டத்தில் வெங்காயமும் புகையிலையும் செய்து மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர் அவர். மகன் சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் பயின்றவன். அவன் கையில் ஒரு தாள். தாயாரின் மடியில் ஒரு சிறு துணிமுடிப்பு. தாளில் இருந்தது கணினி உறுப்புகளின் பட்டியல். முடிப்பில் இருந்தவை அவ்வம்மையாரின் காப்புகள் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

“மாஸ்ரர், ஹார்ட் டிஸ்க்குகளை வாங்கி அடுக்கி வைச்சால் அது தானாய்க் காசு உழைக்குமெண்டு தம்பி சொல்லுறான். நகையை அடகு வைக்கட்டாம். நீங்கள் பாத்து ஒரு சொல்லுச் சொல்லுங்கோ” என்றார் தந்தையார்.

அன்று நாம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தாளை வாங்கி வைத்துக்கொண்டு மூன்று நாள் தவணை கேட்டோம். அம்மூன்று நாளும் பையனோடு கூடியிருந்து பட்டியலை ஒவ்வோர் உறுப்பாக ஆராய்ந்தோம். இத்தகைய ஆசை வேறு இல்லங்களிலும் எழக்கூடுமாதலின், கண்டவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

பிட்கொயின் என்னும் மின்காசைப் பற்றி வாசகர் பலர் கேள்வியுற்றிருப்பர். அதனை ‘அகழ்வதற்கு’ இராப்பகலாகக் கணக்கிடும் பொறிகள் வேண்டும். அவை உண்ணும் மின்சாரமோ அளவிறந்தது. கணக்கிடும் வேகத்துக்குப் பதிலாகத் தட்டிலுள்ள இடத்தையே முதலாகக் கொண்டால் என்ன என்று சிலர் எண்ணினர். 2014இல் தோன்றிய பேர்ஸ்ட்கொயின் இவ்வழியில் முன்சென்றது. பின்னர், பிட்டொரன்ட் என்னும் கோப்புப் பகிர்வு முறையை 2001இல் வகுத்த அமெரிக்கரான பிராம் கோஹன், 2017இல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கிச் ‘சியா’ என்னும் காசை ஆக்கினார். அதன் வலைப்பின்னல் 2021 மார்ச்சு 19ஆம் திகதி இயங்கத் தொடங்கியது. இதில் ஈடுபடுவோரை அவர்கள் அகழ்வோர் என்று அழைப்பதில்லை. கமக்காரர் என்றே அழைக்கின்றனர். தட்டில் எழுதப்படும் ஒவ்வொரு பெருங்கோப்புக்கும் காணித்துண்டு என்று பெயர். இதைக் கேட்ட நமது அயலவர், “தண்ணி இறைக்கத் தேவையில்லாத கமமோ?” என்று சிரித்தார்.

உண்மையில் இது கமத்தைவிட லொத்தருக்கே நெருங்கியது. ஒரு துண்டு ஏறத்தாழ 109 கிகாபைட் இடத்தைப் பிடிக்கும். அதனுள் எண்ணிறந்த சீட்டுகள் எழுதப்பட்டிருப்பதாகக் கருதிக்கொள்க. சில விநாடிகளுக்கு ஒருமுறை வலைப்பின்னலிலிருந்து ஒரு வினா வரும். அதற்கு மிக நெருங்கிய விடை எவருடைய தட்டிலுள்ள சீட்டில் இருக்கின்றதோ, அவர் அதனை அரை நிமிடத்துக்குள் காட்டிப் பரிசைப் பெறுவார். நாளொன்றுக்குச் சுமார் 4,608 பரிசுகள். முதல் மூன்றாண்டுகளில் பரிசு ஒன்றுக்கு இரண்டு காசு. 2024 மார்ச்சு முதல் ஒரு காசு.

இனிப் பட்டியலுக்கு வருவோம். பையன் எழுதியிருந்தவற்றுள் முதலாவது, விலை மிகுந்த புதுப் புரோசசர். அடுத்தது, படம் காட்டும் பெரிய கிராபிக்ஸ் அட்டை. வர்ண விளக்குகள் பொருந்திய காற்றாடிகளும் இருந்தன. துண்டுகளை எழுதி முடித்தபின் காத்திருந்து விடை தேடுதல் மிக எளிய வேலை. 4 கிகாபைட் நினைவகமுள்ள ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கையளவுக் கணினியே அதற்குப் போதும். கந்தோர்கள் கழித்துவிடும் பழைய மேசைக் கணினியும் போதும். கிராபிக்ஸ் அட்டை, 2023இல் வந்த சுருக்கிய துண்டுகளைக் கையாள்வோர்க்கே பயன்படும். ஆகவே பட்டியலின் பாதிப் பெறுமதி முதல் நாளிலேயே கழிந்தது. வர்ண விளக்குகளைப் பற்றி நாம் ஒன்றும் கூறவில்லை. பையன் தானே கோடிட்டு அழித்துவிட்டான்.

துண்டுகளை எழுதும் வேலைதான் கடினம். ஒரு துண்டை ஆக்கும்போது இடையில் எழுதியும் அழித்தும் தள்ளப்படுவது ஏறத்தாழ ஒன்றரை டெராபைட். இதற்கென எஸ்.எஸ்.டி. என்னும் வேகமான தட்டு ஒன்றைப் பையன் குறித்திருந்தான். அத்தகைய தட்டு, பேனாவின் மைபோல, எழுத எழுதத் தீரும் தன்மையது. வீட்டுப் பாவனைக்கு விற்கப்படும் 1 டெராபைட் தட்டுகள் பலவற்றுக்கு, 600 டெராபைட் எழுதும்வரையே ஆக்கியோர் உறுதி கூறுகின்றனர். அவன் எண்ணியபடி 10 டெராபைட் கொள்ளும் வன்தட்டுகள் பத்தை நிரப்புவதானால் 910 துண்டுகள் வேண்டும். எழுதப்படுவது 1,365 டெராபைட். அதாவது, கணக்கின்படி இரண்டு எஸ்.எஸ்.டி.கள் தீர்ந்து மூன்றாவதிலும் கால்பங்குக்கு மேல் போய்விடும். பழைய சேர்வர் கணினியில் 400 கிகாபைட்டுக்கு மேற்பட்ட நினைவகம் கிடைக்குமாயின் எஸ்.எஸ்.டி.யைத் தேயாமல் காக்கலாம். நம் ஊரில் அதற்கு எங்கே போவது? அவசரமில்லாதவன் சாதாரண வன்தட்டிலேயே எழுதலாம். வேகம் குறையும், பொருள் தேயாது.

இக்காரணம்பற்றியே கைமாறிய எஸ்.எஸ்.டி.யை வாங்குவோர் விழிப்பாயிருத்தல் வேண்டும். 2021 வசந்தத்தில் சியா மோகத்தால் சீனத்திலும் ஹொங்கொங்கிலும் பெரிய வன்தட்டுகளின் விலை ஏறியது. காசின் விலை வீழ்ந்தபின் தேய்ந்த தட்டுகள் பல, துடைத்துப் பளபளப்பாகச் சந்தைக்குத் திரும்பின. வன்தட்டாயின் அவ்வளவு அச்சமில்லை. ஆயினும் அதனைக் கணினியில் பூட்டி, ‘ஸ்மார்ட்’ என வழங்கும் அதன் உடல்நலப் பதிவைப் பார்த்தல் வேண்டும். எத்தனை மணிநேரம் ஓடியது, எத்தனை கூறுகள் பழுதென ஒதுக்கப்பட்டன, எத்தனை ஐயத்துக்குரியனவாய் நிற்கின்றன என்பவை அதில் உண்டு. ஒதுக்கப்பட்ட கூறுகளின் எண் பூச்சியத்திலிருந்து ஏறத் தொடங்கிய தட்டை இனாமாகத் தந்தாலும் நாம் வாங்கோம். மற்றொன்று: சேர்வர்களிலிருந்து வரும் மலிவான தட்டுகள் சில ‘சாஸ்’ இணைப்பின. அவை வீட்டுக் கணினியின் ‘சாட்டா’ வாயில் பொருந்தா. தனி அட்டை வேண்டும். இதனை அறியாது வாங்கிவிட்டு, தட்டுப் பழுதென்று எறிந்த ஒருவரை நாம் அறிவோம்.

மின்வழங்கியைத் தெரிவதிலேதான் பலர் இடறுகின்றனர். ஓடிக்கொண்டிருக்கும் தட்டு ஒன்றுக்கு 6 வாற்று என்று கொண்டால் பத்துக்கும் 60 வாற்றுதானே என்பர். ஆனால், தட்டு சுழலத் தொடங்கும் கணத்தில் ஒவ்வொன்றும் 20 வாற்றுக்கு மேல் இழுக்கும். பத்தும் ஒருங்கே எழும்பினால் 200 வாற்றைத் தாண்டும். சிறிய மின்வழங்கி அவ்விடத்திலேயே மடங்கிவிடும். ஒரு கம்பியிலிருந்து பல தட்டுகளுக்குப் பிரிக்கும் மலிவான வார்ப்புப் பிளாஸ்டிக் இணைப்பிகள் சூடேறித் தீப்பற்றுவதும் உண்டு. வீட்டில் சிறுபிள்ளைகள் உறங்கும் அறையில் இவற்றை வைக்கவே கூடாது.

சுன்னாகத்தார்க்கு மின்சாரம் பற்றி எவரும் புதிதாகப் போதிக்க வேண்டியதில்லை. குடாநாட்டுக்கு ஒளி தந்த மின்நிலையம் நம் ஊரில் உள்ளது. அதன் அயலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதந்ததையும் நாம் கண்டோம். அதன்பொருட்டு மின்னுற்பத்தி நிறுவனமொன்று 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டுமென 2019இல் உயர் நீதிமன்றம் பணித்தது. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் இருளில் இருந்தோம். மின்சாரம் இல்லாத வேளையில் வரும் வினாவுக்குத் தட்டு விடை சொல்லாது. விடை சொல்லாத சீட்டுக்குப் பரிசும் இல்லை.

மூன்றாம் நாள் மாலை கணக்கைத் தாயாருக்கு முன்னிலையிலேயே எழுதினோம். உலகிலுள்ள சியாத் துண்டுகள் யாவும் சேர்ந்து 20 எக்ஸாபைட் என்று வைத்துக்கொள்வோம். பையனின் பத்துத் தட்டும் சேர்ந்து 100 டெராபைட். இது இரண்டு இலட்சத்தில் ஒரு பங்கு. நாளொன்றுக்கு 4,608 காசு பரிசாயின், சராசரியாக 43 நாளைக்கு ஒரு காசு இவன் வீட்டுக்கு வரும். கணினிக்கும் தட்டுகளுக்குமாக 100 வாற்றுக் கொண்டால், அந்த 43 நாளில் எரிவது 103 அலகு. நம் நாட்டு மின்பட்டியலிலோ, அலகு கூடக்கூட ஒவ்வோர் அலகின் விலையும் படியேறும். ஆதலின் இந்த அலகுகள் வீட்டு விளக்கின் அலகுகளுக்கு மேலாக, உயர்ந்த படியிலே போய் நிற்கும். 2021 மே மாதத்தில் 1,000 டொலருக்கு மேல் விற்ற காசு, 2022 முடிவில் 30 டொலரளவில் இருந்தது. அன்றைய விலையைக் கேட்டுக் கணக்கிட்டவர்களே இன்று தட்டுகளை விற்பவர்கள்.

வேறொரு செய்தியையும் கூறினோம். இத்தகைய காசுகளுக்குத் தான் உரிமம் எதுவும் வழங்கவில்லை என்று இலங்கை மத்திய வங்கி 2018 முதல் பலமுறை பொதுமக்களை எச்சரித்துள்ளது. 2021ஆம் ஆண்டுப் பணிப்புரைப்படி வங்கி அட்டைகளால் அவற்றுக்குப் பணம் செலுத்தவும் இயலாது. ஏமாற்றப்பட்டால் முறையிட ஓரிடமில்லை.

பையன் தலை கவிழ்ந்திருந்தான். அப்பொழுது, அதுவரை வாய்திறவாத தாயார் கேட்ட வினாவை நாம் எதிர்பார்க்கவில்லை. “காசு வராட்டில், மாஸ்ரர், அந்தத் தட்டு வேறை எதுக்கும் உதவுமோ?”

பட்டியலைத் தெரிவு செய்வதற்கு அதனினும் சிறந்த அளவுகோல் எமக்கும் தோன்றியிருக்கவில்லை. பெரிய வன்தட்டு எந்நாளும் உதவும். எஸ்.எஸ்.டி. ஓரளவு உதவும், தேயாதிருந்தால். மற்றவை உதவா. அந்த அம்மையாரின் வீட்டிலே தாய்வழிக் காணி உறுதிகளும், மாமனார் எழுதிய வைத்தியக் குறிப்பேடுகளும், இடப்பெயர்வின்போது பெட்டியில் தூக்கிச் சென்று மீட்ட கலியாணப் படங்களும் இருக்கின்றன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட தலைமுறைக்கு, ஒரே பிரதியாய் இருக்கும் பொருளின் அருமை தெரியும். 2005 முதல் ‘நூலகம்’ என்னும் நிறுவனம் ஈழத்து ஏடுகளை மின்வடிவில் சேர்த்துவருவதும் இக்கவலையாலேயே.

ஈற்றில் பையன் கந்தோரொன்றில் கழிக்கப்பட்ட கணினியையும் இரண்டு வன்தட்டுகளையும் தன் உழைப்பில் வாங்கினான். ஒன்றில் துண்டுகளை எழுதியுள்ளான். பலர் கூடிப் பரிசைப் பகிரும் குழுவொன்றில் சேர்ந்து, காசின் ஆயிரத்தில் சில பங்குகளை இதுவரை பெற்றிருக்கின்றான். மற்றத் தட்டில் பாட்டனாரின் குறிப்பேடுகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. சென்ற வாரம் வந்தபோது, “சேர், ரெண்டாம் கொப்பியிலை ஒரு பக்கம் செல்லரிச்சுப் போச்சு, இந்த வரியை வாசிச்சுச் சொல்லுவீங்களோ?” என்று படத்தைக் காட்டினான். நாம் கண்ணாடியை எடுத்துவரச் சென்றோம்.