உள்ளே துணி விட்டுத் தைக்கணும்

இந்த வார எபிசோட்ல பனோரமா பத்திப் பேசினோம். ட்ரைபாட், லென்ஸ், கேமராவை எந்தப் புள்ளியில் வைத்துச் சுழற்றணும், எல்லாம் பேசியாச்சு. கடைசியில் படத்தை வெளியே எடுக்கும்போது வருமே, அந்த ‘அவுட்புட்’ மெனு, அதுக்கு மட்டும் நேரம் பத்தலை. அது ஒலியில் சொல்வதைவிட எழுத்தில் சொன்னால்தான் புரியும் என்பதால் இங்கே.

முக்கால்வாசிப் பேர் அந்த மெனுவில் ஜேபெக் என்று தேர்ந்தெடுத்து, ஓகே கொடுத்து, வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவோம். படம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஒரு க்ளிக்கில் என்ன போகிறது என்று தெரிந்துகொண்டு க்ளிக் பண்ணுங்கள் என்பதுதான் இந்தக் கடிதம்.

ஊரில் ஜூன் மாசம் யூனிஃபார்ம் தைக்கக் கொடுக்கும்போது அம்மாக்கள் டெய்லரிடம் ஒன்று சொல்வார்கள்: “வளர்ற புள்ள, உள்ள துணி விட்டுத் தைங்க.” வெளியே பார்த்தால் தெரியாது. அடுத்த வருஷம் தையலைப் பிரித்தால் ஒரு இஞ்ச் கிடைக்கும். பனோரமா மென்பொருள் பார்ப்பதும் தையல் வேலைதான். உள்ளே துணி இருக்கப் போகிறதா, கத்தரித்துக் குப்பையில் போகப் போகிறதா என்பதை அந்த அவுட்புட் மெனுதான் முடிவு பண்ணுகிறது.

கூரையிலிருந்து 13 படங்கள்

இதுக்கு நல்ல உதாரணம் நம்ம டொராண்டோவிலேயே இருக்கு. இந்த நகரத்தின் மிகப் பழைய புகைப்படங்களாக இன்று அறியப்படுபவை 1856 வாக்கில் எடுக்கப்பட்டவை. ஆம்ஸ்ட்ராங், பியர் அண்ட் ஹைம் என்ற நிறுவனம் எடுத்தது. கிங் தெருவும் யார்க் தெருவும் சந்திக்கும் இடத்தில் ராசின் ஹவுஸ் என்று ஓர் ஓட்டல் இருந்தது. அதன் கூரையில் நின்று ஒரு முழுச் சுற்று எடுத்தார்கள். மொத்தம் 13 படங்கள், வரிசையாக வைத்தால் 360 டிகிரி.

அப்போது கனடா மாகாணத்தின் தலைநகர் எது என்ற போட்டி நடந்துகொண்டிருந்தது. முடிவு லண்டன் கையில். “எங்க ஊரைப் பாருங்க” என்று காட்டுவதற்காகப் படங்கள் கடல் தாண்டிப் போயின. 1857 முடிவில் விக்டோரியா மகாராணி ஆட்டவாவைத் தேர்ந்தெடுத்தார். டொராண்டோ தோற்றது, படங்கள் லண்டனிலேயே தங்கிவிட்டன. 1979-ல்தான் அங்கே வெளியுறவுத் துறையின் நூலகத்தில் மறுபடி கண்ணில் பட்டன.

ஒரு காண்ட்ராக்டராக நான் இதில் கவனிப்பது வேறு விஷயம். அந்த 13-ம் தனித்தனிப் படங்களாக நமக்குக் கிடைத்தன. யாராவது ‘அழகா இருக்கட்டும்’ என்று ஓரங்களை நறுக்கி ஒரே நீள அட்டையில் ஒட்டியிருந்தால், நறுக்கிய கீற்றுகளில் இருந்த ஜன்னலும் புகைபோக்கியும் அன்றைக்கே போயிருக்கும். இன்று அந்தப் படங்களின் ஸ்கேனை எடுத்து, அவர்கள் கனவிலும் நினைக்காத மென்பொருளில் போட்டுத் தைத்துப் பார்க்க முடிகிறது என்றால், தைக்காமல் விட்டதுதான் காரணம்.

தையல் எங்கே விழுகிறது

மென்பொருள் உள்ளே மூன்று வேலை நடக்கிறது. முதலாவது, இரண்டு படங்களுக்கும் பொதுவான புள்ளிகளைக் கண்டுபிடிப்பது. இதில் கனடாவுக்குப் பெரிய பங்கு உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டேவிட் லோவ் 1999-ல் வெளியிட்ட ‘சிஃப்ட்’ முறையும், அவரும் மாத்யூ பிரௌனும் 2003-ல் வெளியிட்ட தானியங்கிப் பனோரமா ஆய்வும்தான் இந்த வேலையைக் கையிலிருந்து கணினிக்கு மாற்றின. இரண்டாவது, ஒவ்வொரு படத்தையும் உருளை அல்லது கோளத்தின் மேல் பொருந்தும்படி வளைப்பது. ஹெல்மட் டெர்ஷ் எழுதிய ‘பனோரமா டூல்ஸ்’ இதற்கு அடித்தளம். இலவச மென்பொருளான ஹ்யூகின் அதன்மேல் கட்டப்பட்டது.

மூன்றாவதுதான் தையல். இரண்டு படங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் பகுதியில் ஒரே காட்சி இரண்டு முறை இருக்கும். மென்பொருள் அதன் குறுக்கே ஒரு கோடு போடுகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் முதல் படம், அந்தப் பக்கம் இரண்டாவது. ஹ்யூகினோடு வரும் ‘என்பிளெண்ட்’, 1983-ல் பர்ட், ஆடெல்சன் இருவரும் சொன்ன முறையைப் பின்பற்றுகிறது. வானத்தின் நிறம் மாதிரி மெதுவாக மாறும் விஷயங்களை அகலமான பட்டையில் கலக்கும். செங்கல், இலை மாதிரி நுணுக்கங்களை மெல்லிய பட்டையில் கலக்கும். அதனால் தையல் கண்ணுக்குத் தெரியாது.

கட்டடம் நகராது, அதனால் கோடு எங்கே போனாலும் கவலை இல்லை. மனுஷன் நகருவான். முதல் படத்தில் வாசலில் நின்றவர் அடுத்த படத்துக்குள் நாலடி தள்ளிப் போயிருப்பார். கோடு எப்படிப் போகிறது என்பதைப் பொறுத்து அவர் இரண்டு முறை வரலாம், காணாமல் போகலாம், பாதி உடம்போடு நிற்கலாம்.

பாதி முகம்

போன வருஷம் ஸ்கார்பரோவில் ஒரு மண்டபத்துக்கு வெப்சைட் வேலை பார்த்தேன். மண்டபம் திறந்த அன்றைக்கு வேறொருவர் எடுத்துக் கொடுத்த 360 டிகிரி படம் ஒன்று அவர்களிடம் இருந்தது. முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். படத்தைப் பெரிதாக்கி, குத்துவிளக்குக்குப் பக்கத்தைக் காட்டினார். வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர். தோளும் பாதி முகமும் இருக்கு, மீதி இடத்தில் பின்னாலிருந்த சுவர்.

“தம்பி, இது எங்கட அப்பா. போன மார்கழியில மோசம் போயிட்டார். இதை முழுசா எடுக்கேலாதோ?”

எடுத்திருக்கலாம். தையலுக்கு அந்தப் பக்கம் இருந்த படத்தில் அவர் அநேகமாக முழுசாக நின்றிருப்பார். அந்த லேயர் இருந்தால் பத்து நிமிஷ வேலை. ஆனால் கொடுக்கப்பட்டது ஒரே ஒரு ஜேபெக். எடுத்தவரைக் கேட்டோம், மூலப் படங்களை எப்போதோ அழித்துவிட்டாராம். இப்போதைய ஏஐ கருவிகளால் ஒரு முகத்தை வரைந்து ஒட்ட முடியும். கேட்டுப் பார்த்தேன், அவர் வேண்டாம் என்றுவிட்டார். “அது அப்பா இல்லைத்தானே” என்றார். அதுக்குமேல் நான் சொல்ல எதுவும் இல்லை.

அழிப்பது வேறு, மறைப்பது வேறு

இங்கேதான் மாஸ்க் வருகிறது. லேயர் மாஸ்க் என்பது ஒவ்வொரு லேயருக்கும் கூடவே போகும் கறுப்பு வெள்ளைப் படம். வெள்ளை இருக்கும் இடத்தில் லேயர் தெரியும், கறுப்பு இருக்கும் இடத்தில் மறையும். மறைந்த பிக்ஸல் கீழே பத்திரமாக இருக்கும். வெள்ளை பிரஷ்ஷால் ஒரு இழுப்பு இழுத்தால் திரும்பி வரும். உள்ளே விட்ட துணி இதுதான்.

ஆல்ஃபா சேனலும் பார்ப்பதற்கு இதே மாதிரி இருக்கும், ஆனால் நம்பக்கூடாது. ஆல்ஃபா ‘இந்த பிக்ஸல் ஒளிபுகும்’ என்று மட்டும் சொல்கிறது. அடியில் இருக்கும் நிறத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சேமிக்கும்போது பல மென்பொருட்கள் அங்கே வெறும் கறுப்பை எழுதிவிடும். பிறகு ஆல்ஃபாவைத் திருத்தினால் கறுப்புதான் வரும்.

இன்னொரு மாஸ்க்கும் உண்டு. தைப்பதற்கு முன்னாடி நாமே வரைவது. பி.டி.குயி மென்பொருளில் சிவப்பு பூசினால் ‘இது வேண்டாம்’, பச்சை பூசினால் ‘இது கட்டாயம் வேண்டும்’. ஹ்யூகினில் பலகோணம் வரைந்து அதையே சொல்லலாம். இந்த மாஸ்க் ப்ராஜெக்ட் ஃபைலில் உட்காரும், படத்தில் இருக்காது. ப்ராஜெக்ட் ஃபைலைத் தூக்கிப் போட்டால் மாஸ்க்கும் போச்சு.

எந்த ஃபார்மட் எதைத் தாங்கும்

ஜேபெக்: லேயர் கிடையாது, ஒளிபுகும் தன்மை கிடையாது, நிறத்துக்கு 8 பிட். ஒரு பக்கம் அதிகபட்சம் 65,535 பிக்ஸல். வாட்ஸப்பில் அனுப்ப, வெப்சைட்டில் போட இதுதான் சரி. 360 டிகிரி என்று சொல்லும் மெட்டாடேட்டாவையும் இதில் எழுதலாம், வியூவர்கள் அதைப் பார்த்துச் சுழல விடும். ஆனால் இது ஆறின சோறு, திரும்ப அரிசி ஆகாது.

பிஎன்ஜி: 16 பிட் உண்டு, ஆல்ஃபா உண்டு, லேயர் இல்லை.

டிஃப்: 16 பிட், ஆல்ஃபா, பல பக்கங்கள், எல்லாம் உண்டு. குழப்பமும் உண்டு. ஹ்யூகின் குடும்பத்துக் கருவிகள் எழுதும் பல பக்க டிஃபை கிம்ப் திறந்தால் ஒவ்வொரு பக்கமும் ஒரு லேயராக வரும். ஃபோட்டோஷாப் முதல் பக்கத்தை மட்டும் காட்டும், ஏனென்றால் அது லேயர்களைத் தனக்கென்று ஒரு தனி டேகில் வைத்துக்கொள்கிறது. ரெண்டுக்கும் பேர் ஒன்று, உள்ளே வேறு வேறு.

பி.எஸ்.டி: லேயர், மாஸ்க் இரண்டும் முழுசாக உண்டு. ஒரு பக்கம் 30,000 பிக்ஸல், மொத்தம் 2 ஜிபி வரைதான். அதைத் தாண்டினால் பி.எஸ்.பி, 3,00,000 பிக்ஸல் வரை போகும்.

அளவு என்ன ஆகும் என்று ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 13 படங்கள், ஒவ்வொன்றும் 40 டிகிரி அகலம், தைத்து முடித்தால் 20,000-க்கு 4,000 பிக்ஸல். அதாவது 8 கோடி பிக்ஸல். 16 பிட்டில் மூன்று நிறமும் ஆல்ஃபாவும் சேர்த்து பிக்ஸலுக்கு 8 பைட், ஒரு லேயர் 640 எம்பி. 13 லேயரும் முழு அகலத்துக்கு எழுதினால் 8.3 ஜிபி. சாதாரண டிஃபின் எல்லை 4 ஜிபி, அதனால் எழுதவே முடியாது. ஆனால் ஒவ்வொரு லேயரும் நிஜத்தில் ஒன்பதில் ஒரு பங்கு இடத்தில்தான் இருக்கிறது, மீதி எல்லாம் வெற்றிடம். ஹ்யூகினில் ‘க்ராப்’ செய்த டிஃப் என்று ஒரு வசதி உண்டு. அது படம் இருக்கும் செவ்வகத்தையும், அது எங்கே உட்கார வேண்டும் என்ற இடத்தையும் மட்டும் எழுதும். அப்போது ஒரு லேயர் 71 எம்பி, 13-ம் சேர்த்து ஏறக்குறைய 925 எம்பி. இது சுருக்காத கணக்கு, எல்இஜட்டபிள்யூ போட்டால் இன்னும் குறையலாம். ‘லேயர் வெச்சா ஹார்டு டிஸ்க் தாங்காது’ என்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

ரெண்டையும் எடுத்து வையுங்க

லேயர்களை மாஸ்க்கோடு அடுக்கினால் மட்டும், மென்பொருள் கலந்து கொடுத்த படம் அப்படியே வந்துவிடாது. அகலப் பட்டை, மெல்லிய பட்டை என்று கலந்த வேலையை ஒரே ஒரு மாஸ்க்கால் காட்ட முடியாது. அதனால் பி.டி.குயியில் கலந்த படம், லேயர்கள் இரண்டையும் ஒரே பி.எஸ்.டி-யில் தரச் சொல்லும் தேர்வை எடுங்கள். கலந்த படத்தை அடியில் வையுங்கள். எந்த ஆள் முழுசாக வேண்டுமோ அந்த லேயரை அதன் மேலே ஏற்றி, மாஸ்க் முழுக்கக் கறுப்பு போட்டு, அவர் நிற்கும் இடத்தில் மட்டும் வெள்ளை பூசுங்கள். என்பிளெண்ட் பயன்படுத்தினால் அது போட்ட மாஸ்க்குகளைத் தனி ஃபைலாகச் சேமிக்கச் சொல்லலாம். திருத்திய மாஸ்க்கைத் திரும்பக் கொடுத்து மறுபடி கலக்கவும் சொல்லலாம்.

யாருக்காவது வேலை செய்து கொடுத்தால் ஒரு ஃபோல்டரில் நாலு விஷயம் இருக்கட்டும்: மூலப் படங்கள், ப்ராஜெக்ட் ஃபைல், லேயரோடு ஒரு ஃபைல், பார்ப்பதற்கு ஒரு ஜேபெக். ஹ்யூகினின் ப்ராஜெக்ட் ஃபைல் வெறும் டெக்ஸ்ட்தான். இன்னும் இருபது வருஷம் கழித்து ஹ்யூகினே இல்லாமல் போனாலும் நோட்பேடில் திறந்து படிக்கலாம். கொட்டேஷன் எழுதும்போதே ‘லேயர் ஃபைலும் தரப்படும்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வேலை கொடுக்கிறவராக இருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

திருவிழாவிலும் ஊர்வலத்திலும் எடுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கூட்டத்தில் யார் தெரிய வேண்டும், யார் தெரிய வேண்டாம் என்பதைத் தையல் கோடு முடிவு பண்ணுகிறது. மாஸ்க் இருந்தால் நாளைக்கு ஒருவர் வந்து ‘நானும் அங்கே இருந்தேன்’ என்று சொல்லும்போது திறந்து பார்க்கலாம். ஜேபெக் மட்டும் இருந்தால் மென்பொருள் சொன்னதுதான் சாட்சி.

காண்ட்ராக்ட் முடிந்தால் நாம அடுத்த க்ளையன்ட்டுக்குப் போயிடுவோம். ஃபைல் அங்கேயே இருக்கும். அதை யார், எப்போ, எதுக்காகத் திறப்பார்கள் என்று நமக்குத் தெரியாது.

இந்த வாரம் உங்கள் பழைய பனோரமா ஒன்றின் ஃபோல்டரைத் திறந்து, உள்ளே என்ன மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். மூலப் படங்கள் இருந்தால் மறுபடி லேயரோடு எழுதி வையுங்கள். என்ன கிடைத்தது என்று பதில் போடுங்கள், அடுத்த எபிசோட்ல படிக்கிறேன். வரட்டுமா?