வயிற்றுப்போக்கும் வீணாகும் மருந்தும்

பயணத்தில் வயிற்றுப்போக்கு ஏற்பட்டதும் ஆன்டிபயாடிக் மாத்திரையைத் தேடுகிறோம். பாக்டீரியாவே பெரும்பாலும் காரணம் என்றாலும், நோரோ வைரஸுக்கும் அதில் பங்குண்டு. வைரஸிடம் அம்மாத்திரை பலிக்காது.

1968-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து நார்வாக் நகரப் பள்ளியொன்றில் பரவிய வாந்திக்கும் வயிற்றுப்போக்குக்கும் காரணமான பாக்டீரியா எதுவும் சிக்கவில்லை. 1972-இல் ஆல்பர்ட் கபிகியன் குழுவினர், நோயிலிருந்து மீண்டவரின் சீரத்தை மலவடிநீருடன் கலந்தனர். சீரத்திலிருந்த எதிர்ப்பொருள்கள் நுண்துகள்களை ஒன்றுதிரட்ட, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைரஸ் புலப்பட்டது. உடலின் எதிர்வினையே பகைவனைக் காட்டிக்கொடுத்தது.

ஆனால் அந்த எதிர்ப்பாற்றல் நெடுங்காலம் நிலைப்பதில்லை. வைரஸ் வகைகளும் பல. ஆகவே ஒருமுறை வந்தவருக்கு மீண்டும் வரலாம். சானிடைசர் மட்டும் போதாது. சோப்பிட்டுக் கைகழுவுவதும், இழந்த நீரை ஓ.ஆர்.எஸ். கரைசலால் ஈடுசெய்வதுமே முதற்கடமை. காய்ச்சலோ இரத்தப்போக்கோ இருப்பின் மருத்துவரே முடிவெடுக்கட்டும். தேவையற்ற ஆன்டிபயாடிக்கின் விலையை வாங்கியவர் மட்டும் செலுத்துவதில்லை. மருந்தெதிர்ப்பு வாயிலாகச் சமூகம் முழுவதும் செலுத்துகிறது.