பாறையும் வேம்பும் உள்ள ஆடுகளம்

ஞாயிறு காலை ஆறரை மணி. ஹைதராபாத் காஞ்சன்பாக்கில் எங்கள் குடியிருப்பை ஒட்டிய திடலில், வேப்பமரம் ஒன்றின் அடியில் நாங்கள் எட்டுப் பேர் நிற்கிறோம். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிளாஸ்டிக் தட்டு. 50 மீட்டருக்கு அப்பால், பெரும்பாறை ஒன்றின் அருகே, சிவப்புத் துணி கட்டிய மூங்கில் கம்பம். அதுவே முதல் இலக்கு. இவ்வாறு ஒன்பது இலக்குகளைக் கொண்டது எங்கள் ஆடுகளம்.

‘டிஸ்க் கோல்ஃப்’ என்னும் இவ்விளையாட்டின் விதி எளியது. தட்டு விழுந்த இடத்திலிருந்தே அடுத்த வீச்சு. மிகக் குறைந்த வீச்சுகளில் எல்லா இலக்குகளையும் அடைபவரே வென்றவர். ஓட வேண்டியதில்லை, நடந்தால் போதும். ஆகவே, பணி ஓய்வு பெற்ற எங்கள் முன்னாள் மேலாளரும் அவருடைய பேத்தியும் ஒரே ஆட்டத்தில் சேர்ந்து ஆடுகிறார்கள்.

‘ஃபிரிஸ்பீ’ தட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்த அமெரிக்க நிறுவனத்தில் பணியாற்றிய எட் ஹெட்ரிக் என்பவரே இதன் தந்தையாகப் போற்றப்படுகிறார். 1975இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் அவர் அமைத்த களத்தில் வெறும் கம்பங்களே இலக்குகள். ‘பட்டது’, ‘படவில்லை’ என்ற வாதம் ஓயாததால், தட்டைத் தடுத்துத் தாங்கும் சங்கிலிக் கூடையை அவர் பின்னர் உருவாக்கினார். இன்று, ஏறத்தாழ 25,000 பேர் வாழும் எம்போரியா என்ற கான்சாஸ் மாநிலச் சிற்றூர், 2016இலும் 2022இலும் உலக வாகையர் போட்டியையே நடத்தியிருக்கிறது.

சிற்றூர்களுக்கு இது கைகூடுவதன் காரணம், நிலத்தைச் சமன் செய்ய வேண்டாம் என்பதே. மரமும் மேடும் இங்கே தடைகள் அல்ல. ஆட்டத்தின் சுவையே அவைதாம். கருங்கற்பாறைகள் நிறைந்த தக்காண நிலத்திற்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு வேறேது? எங்கள் திடலில் ஒரு பாறையையும் உடைக்கவில்லை. ஒரு கிளையையும் வெட்டவில்லை.

ஏவுகணை ஆய்வகங்களும் பாரத் டைனமிக்ஸ் நிறுவனமும் அமைந்த காஞ்சன்பாக்கில் பறத்தலின் இலக்கணம் பேசச் சற்றுத் துணிவு வேண்டும்! எனினும் சொல்கிறோம்: தட்டை நிலைநிறுத்துவது அதன் சுழற்சி. வலக்கையர் தம் மார்பின் குறுக்கே கொணர்ந்து வீசும் தட்டு, வேகம் குறைந்ததும் இடப்புறம் சாயும். அச்சாய்வை முன்னரே கணக்கிட்டு வீசுவதே தேர்ச்சி. தோள் வலிமைக்கு இரண்டாம் இடந்தான்.

தொடக்கத்தில் நாங்கள் ஒரு பிழை செய்தோம். மூன்றாம் இலக்கின் வழி, காலை நடையாளர்களின் பாதையைக் குறுக்கிட்டது. ஒரு நாள் தட்டொன்று முதியவர் ஒருவரின் கைத்தடியை உரசிச் சென்றது. ‘விளையாட்டு வினையாகும்’ என்பதன் பொருள் அன்று விளங்கியது. திடல் எல்லோர்க்கும் உரியது. நாங்களோ பிறகு வந்தவர்கள். அவரிடம் மன்னிப்புக் கேட்டு, நடையாளர்களை உடன் வைத்துக்கொண்டே களத்தை மாற்றி வகுத்தோம். ஆள் நடமாட்டம் இருந்தால் வீசுவதில்லை என்பதே எங்கள் முதல் விதி. இப்போது அந்த முதியவர்தாம் எங்கள் மதிப்பெண் ஏட்டின் காப்பாளர்!

அவ்வேடு எங்களுக்குப் புகட்டிய பாடம் ஒன்றுண்டு. நெடுவீச்சில் இழப்பது அரிது. இலக்குக்குப் பத்தடி தொலைவில், ‘இது எளிது’ என்று அசட்டையாக வீசும்போதுதான் எண்ணிக்கை ஏறுகிறது. சிறுதொகைகளைக் கருதாத குடும்பக் கணக்கும் அப்படித்தானே?

தொடங்க விரும்புவோர்க்குச் சில தட்டுகள், சில கம்பங்கள், உரியவரிடம் பெற்ற இசைவு ஆகியவை போதும். உங்கள் ஊரிலும் பாறையென்றும் புதரென்றும் எவரும் நாடாத திடல் ஒன்று இருக்கலாம். அதைச் சமன் செய்யும் முன், ஒரு தட்டை எடுத்துக்கொண்டு ஒருமுறை நடந்து பாருங்கள்.