பாதி விலை பாக்கெட்... பத்தும் உங்களுக்கேவா சார்?

துணிமணிக்கு ஆடித் தள்ளுபடி வருஷத்துக்கு ஒரு மாசம்தான். மளிகைக்கோ தினம் தினம் ஆடி! நம்பிக்கை இல்லாதவர்கள் ராத்திரி எட்டரை மணி வாக்கில் ஏதாவது ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைந்து, ஒதுக்குப்புறமாக நிற்கும் அந்த ஒற்றை ஷெல்ஃபைத் தேடிப் பாருங்கள். தேதி நெருங்கிவிட்ட ஓட்ஸ், மூலை நசுங்கிய கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பா, தீபாவளிக்கு வந்து பொங்கல் வரை விலை போகாத குலாப் ஜாமூன் மிக்ஸ்... எல்லாவற்றின் நெற்றியிலும் திருநீறு மாதிரி ஒரு ஸ்டிக்கர். 30 சதவிகிதம், 50 சதவிகிதம் என்று.

சென்னையில் எங்கள் பேட்டையிலும் அப்படி ஒரு ஷெல்ஃப் உண்டு. அடியேன் அதன் நிரந்தர வாடிக்கையாளன். (கௌரவம் பார்த்தால் இந்த விலைவாசியில் காபி குடிக்க முடியுமா?) அடிக்கடி போவதால் அங்கே வருகிற கோஷ்டிகள் எல்லாம் எனக்கு அத்துப்படி.

முதல் கோஷ்டி, அள்ளல் பார்ட்டி. தள்ளுவண்டியோடு வருவார். என்ன பொருள் என்று பார்க்க மாட்டார். ஸ்டிக்கர் இருக்கிறதா, உள்ளே போடு!

"எதுக்கு சார் ஒரு டஜன் சேமியா?"

"கெடக்கட்டும் சார்... கெட்டா போயிடப் போவுது?"

கெட்டுத்தான் போகும்! நம்ம ஊர் வெக்கைக்கு ரவை, மைதாவில் வண்டு குடித்தனம் வந்துவிடும். கடலை, எண்ணெய் எல்லாம் காறல் வாடை அடிக்கும். காபிப் பொடியில் பொடி இருக்கும், காபி இருக்காது. ஒரு சின்னக் கணக்கு போடுவோமா? 40 ரூபாய் பாக்கெட் 20 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று பன்னிரண்டு வாங்குகிறீர்கள். மொத்தம் 240. அதில் ஐந்தைச் சாப்பிட்டு ஏழைக் குப்பையில் போட்டால், சாப்பிட்ட ஒரு பாக்கெட்டின் விலை 48 ரூபாய். முழு விலையே நாற்பதுதானேய்யா!

அடுத்தது, பதுக்கல் திலகங்கள். இன்றைக்கு 20 சதவிகிதம்தான் தள்ளுபடி, இரண்டு நாள் போனால் ஐம்பது ஆகும் என்று கணக்குப் போட்டு, பொருளை வேறு இடத்தில் ஒளித்துவைத்துவிட்டுப் போகிறவர்கள். ஒருநாள் துணி சோப்புக் கட்டிகளுக்குப் பின்னால் ஒரு பனீர் பாக்கெட் வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தது. ஐஸ் பெட்டியில் இருக்க வேண்டியது. அவருக்கும் இல்லை, அடுத்தவனுக்கும் இல்லை.

மூன்றாவது, வியாபாரி. மொத்தமாக வாரிக்கொண்டு போய், ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிவிட்டு, தன் பெட்டிக்கடையில் முழு விலைக்கு விற்பவர். கேட்டால், "அச்சடிச்ச விலைக்கு மேல வித்தாத்தானே சார் தப்பு?" என்று நம் வாயை அடைப்பார். அடைபட்டாலும் மனசு கேட்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அந்த ஷெல்ஃபுக்கு ஒரு அம்மா வருவார். இரண்டு வீட்டில் சமையல் வேலை. பிள்ளைக்குப் பாலில் கலக்கும் சத்துப் பவுடர் முழு விலையில் கட்டுப்படியாகாது. ஸ்டிக்கர் விழுந்தால் ஒன்றே ஒன்று எடுப்பார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, பில் போடும் பெண்ணிடம் எண்ணி வைப்பார். ஒரு வாரம் பதினோரு டப்பா வந்தது. முதல் நாளே பதினொன்றும் ஒரே வண்டியில் ஏறிப் போய்விட்டது. மறுநாள் அந்த அம்மா வந்து காலி ஷெல்ஃபைப் பார்த்தார்.

"போனா போவுது பாப்பா... அடுத்த வாரம் வந்தா ஒண்ணு எடுத்து வையி."

இத்தனைக்கும் அந்த டப்பாக்களில் தேதி முடிய இன்னும் இரண்டு மாசம் இருந்தது. என்ன அவசரம்?

அதனால் என் கட்சி இதுதான்: மொத்தமாக அள்ளலாமா கூடாதா என்பதைப் பாக்கெட்டில் இருக்கிற தேதி சொல்லட்டும். தேதி தூரத்தில் இருக்கிறதா, வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ எடுத்துக்கொண்டு நகருங்கள். நாளையோடு முடிகிறதா, கடை மூட அரை மணிதான் பாக்கியா, தாராளமாக அள்ளுங்கள்! விட்டால் குப்பைக்குத்தான் போகும். எங்கள் கடைக்கு ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு ஹாஸ்டல் சமையல்காரர் வருவார். மேனேஜரிடம், "வேற யாராவது கேட்டிருக்காங்களாண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, மிச்சமிருக்கிற ரொட்டி அத்தனையையும் வாங்கிப் போவார். காலையில் பையன்களுக்கு பிரெட் உப்புமா. அவரை யாரும் அள்ளல் பார்ட்டி என்று சொல்ல மாட்டார்கள்.

தேதியிலும் இரண்டு ஜாதி உண்டு, கவனம். 'பெஸ்ட் பிஃபோர்' என்றால் அதுவரை ருசி, மணம், மொறுமொறுப்புக்கு கம்பெனி பொறுப்பு, மறுநாளே விஷமாகிவிடாது. 'யூஸ் பை', 'எக்ஸ்பைரி' என்று இருந்தால் கதையே வேறு. அந்தத் தேதிக்குப் பிறகு வாயில் வைக்கக் கூடாது, கடைக்காரரும் விற்கக் கூடாது. 2020-ல் வந்த லேபிள் விதிகளின்படி இந்த இரண்டாவது தேதியைப் போட்டே ஆக வேண்டும். முதல் தேதி கம்பெனியின் இஷ்டம்.

ஜப்பானில் இதெல்லாம் ரொம்ப முற்றிவிட்டது. சாயங்காலமானால் சூப்பர் மார்க்கெட் சாப்பாட்டுப் பெட்டிகளில் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்ட ஆரம்பிப்பார்கள். ஒட்டுகிற ஊழியரின் முதுகுக்குப் பின்னாலேயே சுற்றுவதும், பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுக்கும் ஒட்டுங்க" என்று நீட்டுவதும் அங்கே மரியாதைக் குறைவு. 2021-ல் அரசாங்கமே கடைகளோடு சேர்ந்து 'தெமாயெதோரி' என்று ஒரு பிரசாரம் செய்தது. வாங்கியவுடன் சாப்பிடப் போகிறீர்களா, முன்வரிசையில் இருப்பதையே எடுங்கள் என்று அர்த்தம். நம்ம ஆள் என்ன செய்வார்? அன்றைக்கே காலி செய்யப் போகிற தயிருக்குக்கூடத் தோள்பட்டை வரை கையை உள்ளே விட்டு, கடைசி வரிசையில் இருப்பதைத்தான் உருவுவார்!

பில் வரிசையையும் மறக்காதீர்கள். எங்கள் கடையில் ஸ்டிக்கர் ஒட்டிய ஒவ்வொன்றுக்கும் அந்தப் பெண் விலையைத் தட்டித் தட்டிப் போட வேண்டியிருக்கிறது. நாற்பது பாக்கெட்டோடு நீங்கள் நிற்கிறபோது, பின்னால் ஒரே ஒரு பால் பாக்கெட்டோடு ஒருவர் நெளிந்தால், "நீங்க முன்னால போங்க" என்று வழி விடுங்கள். அந்த ஸ்டிக்கர் விலையிலும், "இன்னும் கொஞ்சம் பாத்து போடும்மா" என்று பேரம் பேசாதிருந்தால் ரொம்பப் புண்ணியம்.

இன்னொரு விவகாரமும் இருக்கிறது. அள்ளிப் போன சரக்கு வீட்டில் தேங்கி, தேதியும் தாண்டிவிட்டால் என்ன ஆகும்? தூக்கிப் போட மனசு வராது. திடீரென்று தர்ம சிந்தனை பொங்கும். எங்கள் பிளாட்டில் ஒரு மாமி அப்படித்தான், நாலு பாக்கெட் நூடுல்ஸை வீட்டு வேலை செய்கிற பெண்ணிடம் நீட்டினார்.

"இந்தா, குழந்தைகளுக்குக் குடு."

அந்தப் பெண் பாக்கெட்டைத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் படித்துப் பார்த்தது.

"தேதி போன மாசமே முடிஞ்சிருச்சேம்மா... உங்க பேரப்பிள்ளைங்க சாப்பிடலையா?"