முதலில் பாறையைப் பாருங்கள்

ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் 1970களின் நடுவில் தொடங்கிய ஓர் ஆலை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஓடி 1990களின் நடுவில் மூடப்பட்டது. தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற அந்த நிறுவனம், தோல் பதனிட வேண்டிய குரோமிய உப்புகளைத் தயாரித்தது. குரோமியத் தாதுவைச் சோடா உப்புடன் சேர்த்துச் சூளையில் வறுத்து, தண்ணீர் விட்டுக் கரைத்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிஞ்சிய சக்கையை வளாகத்துக்குள்ளேயே கொட்டினார்கள். ஒரு லட்சம் டன்னுக்கும் மேல் சேர்ந்த அந்தக் குவியலுக்கு அடியில் விரிப்பு இல்லை, மேலே கூரையும் இல்லை. ஆலை மூடியதும் உற்பத்தி நின்றது, மழை நிற்கவில்லை. ஒவ்வொரு பருவத்திலும் குவியலில் இறங்கிய நீர் மஞ்சளாக வெளியேறி மண்ணுக்குள் போனது. 2006ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட் உலகின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது, செர்னோபில் இருந்த அதே பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது.

இதை ஆலையின் பொறுப்பின்மை, அரசின் மெத்தனம் என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். இரண்டும் உண்மைதான். ஆனால் கொட்டியது ஏன் கொட்டிய இடத்திலேயே கிடக்கவில்லை என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. பதில் பாறையில் இருக்கிறது. நிலத்தடி நீரைக் காப்பதென்றால் கழிவைச் சுத்திகரிப்பது என்றே நாம் புரிந்து வைத்திருக்கிறோம். எதை எங்கே வைக்கலாம், எங்கே கூடாது என்பதை நிலத்தடி அமைப்பைப் பார்த்து முடிவுசெய்வதுதான் முதல் காப்பு என்பது என் வாதம். அதைத் தவறவிட்ட பிறகு செய்பவை எல்லாம் பணத்தை விழுங்கிப் பாதிப் பலன் தரும் பரிகாரங்கள்.

தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கடினப் பாறை. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் அதன் மேல்தான் இருக்கின்றன. அங்கே கிணறு வெட்டியவர்களுக்கு அடுக்குகள் மனப்பாடம்: மேலே மண், அதன் கீழே மொரம்பு, பிறகு கையால் உதிர்க்கக்கூடிய மக்கிய பாறை, அதற்கும் கீழே கெட்டிப் பாறை. மக்கிய அடுக்கு சில இடங்களில் ஐந்தாறு மீட்டர், சில இடங்களில் இருபது முப்பது மீட்டர். கிணற்று நீரில் பெரும்பங்கு இந்த அடுக்கில் தங்குவது. அதற்குக் கீழே தண்ணீர் இருப்பது வெடிப்புகளில் மட்டும். போர் போடும்போது ஒரு வயலில் தண்ணீர் பீறிடுவதும் அடுத்த வயலில் புழுதி பறப்பதும் இதனால்தான். ஆற்று மணலில் கால்வாசிக்கு மேல் வெற்றிடம் இருக்கும். வெடிப்புவிட்ட கடினப் பாறையில் அது நூற்றில் ஒரு பங்கு தேறுவதே அரிது. மாசைக் கரைத்து நீர்த்துப்போகச் செய்ய அங்கே தண்ணீரே அதிகம் கிடையாது; இருக்கும் கொஞ்ச நீரும் குறுகிய பாதைகளில் வேகமாக ஓடும். அதனால் குவியலுக்கு அடுத்துள்ள கிணறு தப்பிவிட, ஒரு வெடிப்பு நேராகச் சென்று சேரும் தொலைவுக் கிணறு கெட்டுப்போகலாம். குவியலைச் சுற்றி வட்டம் போட்டு இதுவரை ஆபத்து, இதற்கு அப்பால் பாதுகாப்பு என்று சொல்வதற்கு இந்த நிலத்தில் பொருள் இல்லை.

இன்னொன்றும் உண்டு. பழைய காலத்தில் உருகிய பாறைக்குழம்பு பிளவுகளில் புகுந்து இறுகியதால் உண்டான டோலரைட் சுவர்கள் இந்தப் பகுதியில் பல இடங்களில் நிலத்துக்குள் நிற்கின்றன. டைக் என்று புவியியலாளர்கள் சொல்லும் இந்தச் சுவர் சில மீட்டர் அகலமே இருக்கும். நீளம் கிலோமீட்டர் கணக்கில் போகும். கெட்டியாக இருந்தால் நிலத்தடி நீரைத் தடுத்து நிறுத்தும், ஓரத்தில் வெடித்திருந்தால் அதுவே வாய்க்காலாகிவிடும். எது எப்படி என்பது மேலே நின்று பார்த்தால் தெரியாது. மின்தடை ஆய்வு செய்து, துளையிட்டு, நீர்மட்டம் அளந்துதான் அறிய வேண்டும்.

பாறைக்கு அடுத்தபடியாக மாசின் குணத்தைப் பார்க்க வேண்டும். குரோமியம் இயற்கையில் இரு முகம் கொண்டது. மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம் நீரில் எளிதில் கரையாது, மண்ணிலேயே பெரும்பாலும் படிந்துவிடும். ஆறு இணைதிறன் கொண்டது நன்றாகக் கரையும், எதிர்மின்னூட்டம் கொண்ட அயனியாக உலவும். களிமண் துகள்களும் பெரும்பாலும் எதிர்மின்னூட்டம் கொண்டவை என்பதால் அதைப் பிடித்து வைக்காது. காரத்தன்மை உள்ள கழிவில் இன்னும் தளர்ந்து போகும். புற்றுநோயை உண்டாக்குவது இந்த இரண்டாம் வகைதான். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது இந்திய தர நிர்ணய அமைப்பு. தாதுவை வறுப்பதன் நோக்கமே குரோமியத்தைக் கரையும் வடிவத்துக்கு மாற்றுவதுதான். ஆகவே ஆலை மிச்சம் வைத்த சக்கை, நகர்வதற்கென்றே தயார் செய்யப்பட்ட மாசு. வெடிப்புகள் நிறைந்த பாறையின் மேல் கூரையில்லாமல் அதைக் குவித்தால் என்ன நடக்கும் என்பதைக் கணிக்க 1970களிலேயே போதிய அறிவு இருந்தது. நிலத்தடி நீர் எப்படி நகரும் என்பதற்கு என்றி டார்சி சூத்திரம் கண்டது 1856இல்.

தோல் பதனிடும் ஆலைகளின் கதை இதிலிருந்து சற்று மாறுபட்டது. அவை பயன்படுத்துவது மூன்று இணைதிறன் குரோமியம். அது பெரும்பாலும் சகதியோடு தங்கிவிடும். கிணறுகளைக் கெடுப்பதில் முன்னால் நிற்பது நாம் சாப்பிடும் உப்புதான். பச்சைத்தோல் அழுகாமலிருக்க அப்பும் உப்பில் பெரும்பகுதி ஊறவைக்கும் நீரில் கரைந்து வெளியேறுகிறது. உப்பை நுண்ணுயிர் தின்னாது, மண் பிடிக்காது, காலம் சிதைக்காது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, இந்தத் தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதைப் பதிவுசெய்தது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் பார்த்த 467 கிணறுகளில் 350 மாசடைந்திருந்ததும் அதில் வருகிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், கேடு வருமென்ற ஐயம் இருந்தால் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளை நம் சட்டத்தில் உறுதியாக ஊன்றியது அந்தத் தீர்ப்பு. முதல் கொள்கையைப் பற்றிப் பேசியதில் பாதி அளவுகூட நாம் இரண்டாவதைப் பற்றிப் பேசவில்லை.

மண் வடிகட்டிவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. தடித்த வண்டல் மண்ணில் கிருமிகள் மடியும், சில உலோகங்கள் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அந்த வேலைக்குத் தடிமனும் நேரமும் தேவை. மெல்லிய மொரம்புக்குக் கீழே வெடித்த பாறை இருக்கும் இடத்தில் இரண்டுமே கிடைக்காது. யாழ்ப்பாணத்தில் நிலைமை இன்னும் கடுமை. அங்கே அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. மழைநீர் அதன் பிளவுகளைக் கரைத்துக் கரைத்துக் குகைவழிகளாக்கியிருக்கிறது, அந்த நீரை நம்பித்தான் குடாநாடே இருக்கிறது. சுன்னாகத்தில் மின் நிலையத்திலிருந்து கசிந்த எண்ணெய் கிணறுகளில் கலந்தது தொடர்பான வழக்கில், மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு தர வேண்டுமென 2019இல் இலங்கை உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. வண்டல், கடினப் பாறை, சுண்ணாம்புப் பாறை மூன்றும் ஒரே கழிவை மூன்று விதமாக நடத்தும். மூன்றுக்கும் ஒரே விதிமுறையை எழுதி வைத்துக்கொண்டு காப்பாற்றிவிட்டோம் என்பது தவறு.

கெட்டுப்போனால் பிறகு சுத்தம் செய்துகொள்ளலாமே, இப்போது தொழில்நுட்பம் இருக்கிறதே என்று கேட்பவர்கள் கலிபோர்னியாவின் ஹிங்க்லியைப் பார்க்க வேண்டும். அங்கே ஓர் எரிவாயு அழுத்த நிலையம், குளிர்விக்கப் பயன்பட்ட குரோமிய நீரை 1952 முதல் 1966 வரை விரிப்பில்லாத குட்டைகளில் விட்டது. அதே ஆறு இணைதிறன் குரோமியம்தான். மக்கள் தொடுத்த வழக்கில் 33.3 கோடி டாலர் தந்து நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. அதுவும் நம் தீர்ப்பு வந்த அதே 1996இல். அந்த வழக்கைச் சினிமாவாகவும் எடுத்தார்கள். படம் முடிந்தது, சுத்தம் செய்யும் வேலை முடியவில்லை. நிலத்துக்குள் எத்தனால் செலுத்திக் குரோமியத்தைக் கரையாத வடிவுக்கு மாற்றினார்கள், மாசுநீரை இறைத்துக் குதிரைமசால் வயல்களுக்குப் பாய்ச்சினார்கள். கழிவு விடுவதை நிறுத்தி ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆன பின்னும், 2015இல் அந்த மாநிலத்தின் நீர் வாரியம் சுத்திகரிப்பைத் தொடரும்படி புதிய ஆணை பிறப்பிக்க வேண்டியிருந்தது. இத்தனைக்கும் ஹிங்க்லியின் நிலத்தடி மணலும் சரளையும். செலுத்தும் மருந்து பரவும், இறைக்கும் நீர் வரும். கடினப் பாறையிலோ மாசு வெடிப்பின் ஓரத்திலுள்ள நுண்துளைகளுக்குள் ஊறிவிடும். வெடிப்பில் ஓடும் நீரை இறைத்துச் சுத்தம் செய்தாலும், ஊறியது பல ஆண்டுகளுக்கு மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும்.

சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத சுத்திகரிப்பு நிலையங்கள் வந்துவிட்ட பிறகு பாறை எப்படி இருந்தால் என்ன என்பது இதைவிடக் கெட்டிக்காரத்தனமான மறுப்பு. அந்த நிலையங்கள் வந்தது பெரிய முன்னேற்றம், அதை மறுக்கவில்லை. ஆனால் நீரிலிருந்து பிரித்தது மறைந்துவிடுவதில்லை. சகதியாகவும் உப்புக் குவியலாகவும் அதே வளாகத்தில் உட்காருகிறது. 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சகதித் தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் இறந்தார்கள். தொட்டி உடையும், குழாய் கசியும், விரிப்பு கிழியும். அப்போது எஞ்சியிருக்கும் ஒரே தடுப்பு அடியிலுள்ள நிலம்தான்.

எனக்கே வலுவாகத் தோன்றும் எதிர்வாதம் ஒன்று உண்டு. முக்கால் மாநிலம் கடினப் பாறை என்றால் ஆலைகளை எங்கேதான் வைப்பது? தோல் தொழிலை நம்பி எத்தனையோ குடும்பங்கள், அதில் பெண்கள் எத்தனை பேர்! அந்தத் தொழிலை விரட்டச் சொல்லவில்லை. கடினப் பாறை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வெடித்திருப்பதில்லை என்பதுதான் இங்கே உதவுவது. வெடிப்பு குறைந்த கெட்டிப் பாறைக்குள் தண்ணீர் ஏறக்குறைய நுழையவே நுழையாது. அப்படிப்பட்ட இடம் கழிவுக் கிடங்குக்கு வண்டலைவிடப் பாதுகாப்பானது. அதற்கு அரை கிலோமீட்டர் தள்ளி வெடிப்பு மண்டலம் இருக்கலாம். இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஆகும் செலவு, ஆலைக் கட்டுமானச் செலவில் கவனிக்கத்தக்க பங்கே இல்லை. காலதாமதம் என்று பார்த்தாலும் மின்தடை ஆய்வும் துளைகளும் சில வாரங்கள். மழைக்கு முன்னும் பின்னும் நீர்மட்டம் பார்க்க ஓராண்டு. பிழைப்பைப் பற்றிப் பேசினால், அந்த 35,000 ஹெக்டேரில் உழுதவர்களுக்கும் உழவு பிழைப்புதானே!

வரைபடம்தான் ஏற்கெனவே இருக்கிறதே என்று அதிகாரிகள் சொல்லலாம். மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2012 முதல் நாடெங்கும் நீர்த்தாங்கிகளை வரைபடமாக்கும் திட்டத்தை நடத்துகிறது, நல்ல வேலை. ஆனால் நாடு முழுவதற்கும் அதில் வரைந்த வரைபடத்தின் அளவை 1:50,000. வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர், நிலத்தில் 500 மீட்டர். பத்து மீட்டர் அகல டைக் அதில் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் வரும். மாவட்டத்துக்குப் போதுமான தகவலை ஆலை மனைக்கும் போதுமென்று சுற்றுச்சூழல் அறிக்கையில் ஒட்டிவிட்டால், புவியியல் அத்தியாயம் பக்கத்தை நிரப்பும் சடங்காகிவிடும். அபாயக் கழிவுக் கிடங்கின் அடியில் போடும் களிமண் அடுக்கில் நீர் நொடிக்கு ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்குக்கு மேல் ஊடுருவக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆண்டுக்கு மூன்று சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். மனிதன் போடும் அடுக்குக்கு இத்தனை துல்லியம் கேட்கும் நாம், இயற்கை போட்டுவைத்த அடுக்கைப் பற்றி மேலோட்டமாகத் தெரிந்துகொண்டு திருப்திப்படுகிறோம்.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இதே தோல் வட்டாரத்தில் ஓடும் பாலாற்றின் மாசு பற்றி மறுபடியும் தீர்ப்பளித்தது: பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு இழப்பீடு தந்து, பிறகு ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். 1996 தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள்.

உங்கள் ஊர்ப் பக்கம் ஆலையோ கழிவுக் கிடங்கோ வருவதாக இருந்தால், 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போங்கள். தொழிற்பேட்டைக்குள் வரும் திட்டங்கள் பலவற்றுக்கு அந்தக் கூட்டத்திலிருந்து விலக்கு உண்டு. எனவே தொழிற்பேட்டை என்ற பேச்சு எழும்போதே கேட்டுவிட வேண்டும். அந்த மனையிலேயே எத்தனை துளை போட்டுப் பார்த்தார்கள், வெடிப்புகளும் டைக்குகளும் எந்தத் திசையில் போகின்றன, நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, கண்காணிப்புக் கிணறுகள் அந்த ஓட்டத்தின் கீழ்ப்பக்கம் இருக்கின்றனவா என்று கேளுங்கள். ஆலை தொடங்குவதற்கு முன் சுற்றுக் கிணறுகளின் நீரைச் சோதித்த முடிவையும் கேட்டு வாங்குங்கள். நாளை வழக்கென்று வந்தால் அந்தத் தாள்தான் பேசும். கேட்ட கேள்விகளையும் வந்த பதில்களையும் கூட்டக் குறிப்பில் எழுதவைத்து, ஒரு நகலைக் கையோடு எடுத்துக்கொண்டு வாருங்கள்.