பரணில் கிடக்கும் அம்மா லேப்டாப்

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ, 2011-க்குப் பிறகு அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இருக்கும் வீட்டில் விசாரித்துப் பாருங்கள். பீரோவுக்கு மேலேயோ பரணிலோ ஒரு பைக்குள் அம்மா லேப்டாப் கிடக்கும். மூடியில் தமிழ்நாடு அரசு முத்திரை. முத்திரையில் இருப்பது ஆண்டாள் கோயில் கோபுரம்தான் என்று ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். மதுரைக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அது தீராத வழக்கு. மெஷினைப் பற்றிக் கேட்டால் மட்டும் இரண்டு ஊரிலும் ஒரே பதில்தான்: "ரொம்ப ஹேங் ஆகுது, அதான் தூக்கிப் போட்டுட்டோம்."

தூக்கிப் போட்டதில் பாதிக்கு மேல் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் 'அம்மா' என்று அழைக்கப்பட்ட முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த இலவச லேப்டாப் திட்டத்தில் வந்தவை அவை. அடுத்த பத்தாண்டுக்குள் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் மாணவர் கைக்குப் போயின. தமிழக அரசின் எல்காட் நிறுவனம் டெண்டர் விட்டு வாங்கிக் கொடுத்தது. பலருக்கு மறந்துபோன சங்கதி ஒன்று உண்டு: தொடக்கத்தில் வந்த மெஷின்களை ஆன் செய்ததும் திரையில் இரண்டு பெயர்கள் வரும். ஒன்று விண்டோஸ். மற்றொன்று பாஸ், அதாவது பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007-ல் வெளியிட்ட லினக்ஸ் இயங்குதளம் அது. டெபியன் என்ற பழைய, உறுதியான லினக்ஸின் மேல் கட்டியது. அதே காலத்தில்தான் எல்காட்டின் தலைமையில் இருந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தன் அலுவலகக் கணினிகளையே சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். 2014-ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது, பாஸுக்கு மாறுங்கள் என்று அரசுத் துறைகளுக்கே தமிழக அரசு சொன்னது.

ஆக, அரசு மாற்று வழியையும் பெட்டிக்குள்ளேயே வைத்துத்தான் கொடுத்தது. ஆனால் அதை எப்படித் திறப்பது என்று சொல்லிக்கொடுக்க ஆள் வைக்கவில்லை. படம் பார்க்கவும் கேம் ஆடவும் வந்த பிள்ளைக்கு பாஸ் என்றால் தவறிப்போய் திறந்துவிடும் ஏதோ ஒன்று. கடைக்குக் கொண்டுபோனால் ஃபார்மேட் அடித்து, திருட்டு விண்டோஸ் ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். பாஸ் அத்தோடு போச்சு. 2018-ல் வந்த புதிய பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பாடநூலில் உபுண்டு லினக்ஸுக்கும் ஓபன் ஆபீஸுக்கும் பாடமே இருக்கிறது. மாணவர்கள் அதைப் பரீட்சைக்குப் படித்தார்கள். வீட்டில் இருந்த மெஷினில் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு.

இப்போது நெருக்கடி வந்திருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் நின்றுவிட்டன. விண்டோஸ் 11 போடலாம் என்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் கேட்கிறது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும் என்கிறது. பரணில் கிடக்கும் பழைய லேப்டாப்புக்கு இது எட்டாது. அப்டேட் இல்லாத மெஷினில் பேங்க் வேலை பார்ப்பது ஆபத்து. அதனால்தான் லினக்ஸ் பேச்சை மறுபடி எடுக்கிறேன்.

வேலையை எங்கே தொடங்குவது? முதலில் ஒரு பென்டிரைவ். லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை வேறொரு கணினியில் இறக்கி, ரூஃபஸ் மாதிரியான மென்பொருளால் பென்டிரைவில் ஏற்றிக்கொள்ளலாம். இந்த மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. 2 ஜிபி ராமில் ஓடும். 4 ஜிபி இருந்தால் மூச்சு வாங்காது. லேப்டாப்பை ஆன் செய்தவுடன் லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9 தட்டினால் எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்கும். பென்டிரைவைக் காட்டுங்கள். ஹார்டு டிஸ்கில் கை வைக்காமல் முழு லினக்ஸும் திரையில் வந்து நிற்கும். சவுண்டு வருகிறதா, வைஃபை எடுக்கிறதா என்று ஆற அமரப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம். விண்டோஸ் திறக்கவே மறுக்கிற மெஷினிலும், டிஸ்க் கெட்டுப்போகாமல் இருந்தால், பென்டிரைவ் வழியே உள்ளே புகுந்து பழைய கோப்புகளைப் பார்க்க முடியும். அக்கா கல்யாணப் படங்களும் தாத்தாவின் கடைசிப் பொங்கல் வீடியோவும் வேறெங்கும் பிரதி இல்லாமல் அந்த டிஸ்கில் மட்டும் இருக்கும் வீடுகள் ஏராளம். அவற்றை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். இன்ஸ்டால் செய்யும்போது டிஸ்க் முழுவதையும் அழித்துவிடு என்று கொடுத்தால் பிறகு திரும்பி வராது.

சில்லறைத் தொல்லைகள் வரும். பிராட்காம் வைஃபை கார்டு உள்ள மெஷினில் உடனே நெட் எடுக்காமல் போகலாம். செல்போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போட்டு, டிரைவரை இறக்கிக்கொண்டால் தீர்ந்தது. இணையதளம் எதைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்று எச்சரிக்கை வருகிறதா? தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்து, மெஷின் பத்து வருடம் பின்னால் நின்றுகொண்டிருக்கும். பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தால் தளங்கள் திறக்கும். ராஜபாளையம், சத்திரப்பட்டி மாதிரி நூலும் பேண்டேஜ் துணியும் ஓடுகிற ஊரில் ஃபேனைக் கழற்றிப் பார்ப்பதும் நல்லது. பஞ்சுத் தூசி அடைத்தால் சூடேறி மெஷின் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலே, பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். காசு செலவழிப்பதாக இருந்தால் இதற்குத்தான் முதலில் செலவழிக்க வேண்டும். மெஷின் திறக்கும் நேரத்திலேயே வித்தியாசம் தெரிந்துவிடும்.

தமிழ் எழுதுவதில் குறையே இல்லை. ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாகத் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துவிட்டால் லிப்ரே ஆபீஸில் கடிதம், விண்ணப்பம் எதுவும் அடிக்கலாம். எளிய தமிழில் லினக்ஸ் படிக்க 2012-லிருந்து கணியம் இதழ் இலவசமாகக் கிடைக்கிறது. மில் ஆபீஸிலும் கடையிலும் டேலியில் கணக்கு எழுதுகிறவர்களை மட்டும் மாறச் சொல்ல மாட்டேன். டேலிக்கு விண்டோஸ் வேண்டும். பிள்ளை படிக்க, பாட வீடியோ பார்க்க, பைத்தான் எழுதிப் பழக, டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் போட லினக்ஸ் தாராளம்.

பக்கத்துக் கேரளத்தில் பள்ளிக் கணினிகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் ஓடுகின்றன. அங்கே ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி கொடுத்தார்கள், அதனால் நிலைத்தது. இங்கே 2025 மார்ச் பட்ஜெட்டில் இருபது லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப்போ டேப்லெட்டோ தரப்படும் என்ற அறிவிப்பு வந்தது. அதை வாசித்த அப்போதைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு நம் விருதுநகர் மாவட்டத்துக்காரர். புதியதைக் கொடுக்கும்போதே, பழையதைப் பழுது பார்க்கவும் ஒரு ஏற்பாடு வேண்டும். கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம் இருக்கிறது. ராஜபாளையத்தில் ராம்கோ பொறியியல் கல்லூரியும் பாலிடெக்னிக்கும் இருக்கின்றன. கம்ப்யூட்டர் படிக்கும் மாணவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை அரசுப் பள்ளி ஒன்றில் பத்து பென்டிரைவோடு உட்கார்ந்தால் போதும். வீட்டுக்காரர்கள் சார்ஜரையும் மறக்காமல் எடுத்துவர வேண்டும். பழைய பேட்டரியை நம்பி இன்ஸ்டால் தொடங்கக் கூடாது.